உடைந்த தட்டுகளின் கணக்கு

போன ஆண்டு ஆடி மாதம் அக்காவை நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். அத்தானும் வந்திருந்தார். டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். பிறகு அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார். அக்கா நடந்தாள்.

"நடை நல்லா இருக்கே. போன தடவைக்கும் இதுக்கும் ஒரு மாற்றமும் இல்ல. மருந்த மட்டும் விட்டுடாதீங்க."

"நடக்கிறேன் சார். தலைதான் முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது. ரெண்டு பேர் சேர்ந்து பேசினா ஒண்ணுமே பிடிபடல."

டாக்டர் அத்தானைப் பார்த்தார். அத்தான் சிரித்தபடி, "அவ எப்பவுமே கொஞ்சம் மறதிதான் சார்" என்றார்.

"நாப்பத்தஞ்சு தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதாம்மா. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கோப்பில் மாற்றமில்லை என்று எழுதினார்.

ஆட்டோவில் திரும்பும்போது அக்கா சொன்னாள்: "மறதின்னு நான் சொல்லவே இல்லையேடி. மறந்து போகல. வந்து சேர லேட்டாகுது."

அக்காவுக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று தெரிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இருபது ஆண்டுகள் ஒரு ஜவுளிக்கடையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். தீபாவளி விற்பனை நாட்களில் போனில் பேசிக்கொண்டே, எதிரில் நிற்பவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே, டேலியில் என்ட்ரி போடுவாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த வேலையை அவளே விட்டுவிட்டாள். உடம்பு முடியவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம். அவளுக்கு உடம்பு முடிந்தது. முடியாமல் போனது எது என்பதற்குத்தான் எங்களிடம் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் பொறுப்பில்லை, கவனமில்லை, மெத்தனம் என்ற சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. நானும் அவற்றைச் சொல்லியிருக்கிறேன்.

நான் தமிழ் படித்தவள், மருத்துவம் அறியாதவள். ஆனால் ஒரு பிரதியில் எது எழுதப்பட்டிருக்கிறது, எது விடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தோடுதான் இந்த நோயின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன்.

*

முதலில் பெயர். நம் உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம், நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குவதுதான் இந்த நோய். மின்கம்பியின் மேலுறை அங்கங்கே உரிந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது: செய்தி தாமதமாகப் போகிறது, சிதைந்து போகிறது, சில சமயம் போகாமலே நின்றுவிடுகிறது. உறை அழிந்த இடத்தில் தழும்பு விழுந்து இறுகுகிறது. தழும்புகள் மூளையிலும் விழும், பார்வை நரம்பிலும் விழும், தண்டுவடத்திலும் விழும். தமிழில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். அக்காவின் ஸ்கேன் படத்தில் மூளை முழுக்க வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. பெயரிலேயே மூளை விடுபட்டிருக்கிறது.

இந்த விடுபடல் தமிழில் தொடங்கியதல்ல என்பதும் பிறகு புரிந்தது.

1868ஆம் ஆண்டு பாரிஸில் ழான்-மார்தேன் ஷார்கோ என்ற மருத்துவர் இந்த நோயைத் தனி நோயாக வரையறுத்து விரிவுரை நிகழ்த்தினார். மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் இறுகிய திட்டுகளை 1830களிலேயே பிணப் பரிசோதனையில் கண்டு படம் வரைந்தவர்கள் உண்டு. உயிரோடிருந்தபோது நோயாளி பட்ட துன்பத்தையும், இறந்த பின் மூளையில் தெரிந்த திட்டையும் இணைத்து ஒரே நோயாக்கியவர் ஷார்கோ. அவர் பணியாற்றிய சால்பெத்ரியேர் மருத்துவமனை ஒரு காலத்தில் வெடிமருந்துக் கிடங்கு. 1656இல் பதினான்காம் லூயி மன்னனின் ஆணைப்படி ஏழைகளை அடைத்து வைக்கும் இடமாக்கப்பட்டு, பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பிச்சையெடுத்தவர்கள், பாலியல் தொழிலாளிகள், மனநிலை பிறழ்ந்தவர்கள், வயதாகிக் கைவிடப்பட்டவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஷார்கோவின் காலத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் பெண்கள். வாழும்போது கவனிக்கவும் இறந்த பின் அறுத்துப் பார்க்கவும் அவருக்கு அத்தனை உடல்கள் கிடைத்ததற்குக் காரணம், அந்தப் பெண்களுக்குப் போக வேறு இடம் இல்லை என்பதுதான்.

ஷார்கோ நல்ல பார்வையாளர். நடுக்கம், கண் துடிப்பு, குழறும் பேச்சு ஆகியவற்றோடு அவர் இன்னொன்றையும் எழுதினார். இந்த நோயாளிகளுக்கு நினைவாற்றல் பலவீனமாகிறது, எண்ணங்கள் மெதுவாக உருவாகின்றன, அறிவும் உணர்வும் மழுங்குகின்றன என்றார். எண்ணங்கள் மெதுவாக உருவாகின்றன என்ற இடத்தில் வாசிப்பை நிறுத்தினேன். வந்து சேர லேட்டாகுது என்று அக்கா சொன்னது அதைத்தானே. ஷார்கோவே எழுதிவிட்ட ஒன்றை எங்கள் டாக்டர் ஏன் வயசுக்கோளாறு என்றார்? இடையில் என்ன நடந்தது?

*

1893இல் ஷார்கோ இறந்தபோது, அவரிடம் பயின்ற சிக்மண்ட் பிராய்டு ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதினார். அதில் ஒரு வேலைக்காரப் பெண் வருகிறாள். விநோதமான நடுக்கமும் தடுமாற்றமும் இருந்ததால் அவளுக்கு எங்கும் வேலை கிடைக்கவில்லை. ஷார்கோ அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். அவள் உடைத்த தட்டுகளும் பாத்திரங்களும் நாளடைவில் அவருக்குப் பெருஞ்செலவு வைத்தன. ஆனாலும் அவளை அனுப்பிவிடவில்லை. அவள் இறந்த பிறகு அவள் உடலைக் கொண்டே, அந்த நடுக்கத்துக்குக் காரணம் இந்த நோய்தான் என்று நிறுவினார். ஆசிரியரின் பெருந்தன்மைக்கும் அறிவியல் பொறுமைக்கும் சான்றாகப் பிராய்டு இதைச் சொல்கிறார்.

பிராய்டு சொன்ன அளவில் உடைந்த தட்டுகளுக்குக் கணக்கு இருக்கிறது, அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. காலையில் எழுந்ததும் அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைகளை அவள் எப்படி நினைவில் அடுக்கினாள், எஜமானி ஒரே மூச்சில் மூன்று வேலை சொன்னால் அவளுக்கு என்ன ஆனது, தட்டு உடைந்தது கை நடுங்கியதால் மட்டும்தானா என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. ஒரு வீட்டு வேலைக்காரிக்குச் சிந்தனை என்று ஒன்று தேவைப்படும், அது பழுதானால் வேலை கெடும் என்ற எண்ணமே அங்கு இல்லை.

அதே நூற்றாண்டில் இந்த நோயைத் தன் கையால் எழுதிவைத்த ஒருவர் உண்டு. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டி எஸ்தே, 1822இல் தன் பார்வை மங்கியதிலிருந்து தொடங்கி, வருடக்கணக்கில் நாட்குறிப்பு எழுதினார். பின்னால் 1919இல் பார்பெலியன் என்ற புனைபெயரில் இன்னோர் ஆண் எழுதிய நாட்குறிப்பு நூலாக வந்தது. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது என்று இன்று அறிகிறோம். அந்தக் காலத்து நாட்குறிப்புகளைத் தேடிப் போனால் ஒரு மன்னன் பேரனும் ஓர் எழுத்தாளனும் எதிர்ப்படுகிறார்கள். ஐயாயிரம் பெண்கள் பாடப்புத்தகத்தில் நோய்க்குறிகளாக எஞ்சியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பெண்ணின் மனக் குறைகளைப் போட்டு வைக்க ஏற்கெனவே ஒரு பெட்டி தயாராக இருந்தது. அதன் பெயர் ஹிஸ்டீரியா. அதே சால்பெத்ரியேரில், அதே ஷார்கோ, ஹிஸ்டீரியா நோயாளிகளை மாணவர்கள் முன் நிறுத்திப் பாடம் நடத்தினார். மயங்கிச் சாயும் பிளான்ஷ் விட்மனை ஒரு கை தாங்க, ஷார்கோ விளக்கம் சொல்லும் 1887ஆம் ஆண்டு ஓவியம் புகழ்பெற்றது. இந்த நோயோ வரும், போகும். இன்று கால் மரத்துப்போகும், அடுத்த மாதம் சரியாகிவிடும். பார்வை போய்த் திரும்பும். சொன்னால் யார் நம்புவார்கள்? தாமஸ் பஸ்ஸர்ட் என்ற லண்டன் மருத்துவர் 1891இல், உண்மையான நரம்பு நோய் ஹிஸ்டீரியாவாகத் தோற்றம் காட்டுவதைப் பற்றித் தனி நூலே எழுதினார். அப்படித் தவறாகக் கணிக்கப்பட்ட நோய்களில் முதன்மையானது இதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஆண்களுக்கே அதிகம் வரும் நோய் என்று அமெரிக்காவில் பல மருத்துவர்கள் கருதினார்கள். பெண்களில் பலர் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டதும் அதற்கு ஒரு காரணம்.

*

1926இல் காட்ரெல், வில்சன் என்ற இருவர் லண்டனில் 100 நோயாளிகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். நோயாளிகளிடம் கேள்விகள் கேட்டு அவர்கள் மனநிலையைப் பதிவு செய்தார்கள். நோயின் கடுமைக்குப் பொருந்தாத மகிழ்ச்சி, நல்லாகிவிடும் என்ற நம்பிக்கை, அடக்க முடியாத சிரிப்பும் அழுகையும் ஆகியவைதான் இந்த நோயின் மன அடையாளங்கள் என்றார்கள். அறிவாற்றல் குறைபாடு? நூறில் இரண்டு பேருக்கு.

அந்த இரண்டு என்ற எண் நெடுங்காலம் செல்வாக்கோடு வாழ்ந்தது. இந்த நோயில் உணர்ச்சி மாறும், அறிவு மாறாது என்பது மருத்துவப் பொதுப்புத்தியாயிற்று. உணர்ச்சி என்று சொல்லிவிட்டால் பெண்ணின் புகாரை அங்கேயே முடித்துவிடலாம் என்பது நமக்குப் புதிதல்ல.

பிறகு அளவுகோல் வந்தது. ஜான் கர்ட்ஸ்கி என்ற அமெரிக்க நரம்பியலாளர் 1955இல் இந்த நோயின் ஊனத்தை அளக்க ஓர் அளவுகோலை உருவாக்கி, 1983இல் விரிவாக்கினார். 0 என்றால் இயல்பு. 10 என்றால் மரணம். இடையில் அரை அரையாக ஏறும். மூளைச் செயல்பாட்டுக்கு அதில் ஓர் இடம் உண்டுதான். ஆனால் 4ஐத் தாண்டிய பிறகு எண்ணைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நடை: எத்தனை மீட்டர் நடக்கிறார், 6 என்றால் ஊன்றுகோல், 7 என்றால் சக்கர நாற்காலி. கர்ட்ஸ்கி முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை அமைப்பில் பணியாற்றியவர். அங்கு வந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஒரு சிப்பாய் இழப்பதில் முதலில் கண்ணில் படுவது நடை என்பதில் வியப்பில்லை. இந்த அளவுகோல் இல்லாமல் மருந்து ஆய்வுகள் முன்னேறியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் உலகெங்கும் மருத்துவமனைகளில் அது பரவியபோது, கால் நன்றாக இருந்தால் நோய் நன்றாக இருக்கிறது என்ற பார்வையும் கூடவே பரவியது. அக்காவை அறைக்குள் நடக்கச் சொன்ன பழக்கத்துக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அந்த டாக்டர் கெட்டவர் அல்ல. அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட கண் அது.

*

1980இல் பெய்சரும் உடன் ஆய்வாளர்களும் அந்தக் கண்ணையே சோதித்தார்கள். அறிவாற்றலில் குறையில்லை என்று நரம்பியல் மருத்துவர்கள் கருதிய நோயாளிகளுக்கு உளவியல் சோதனைகள் வைத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் குறைபாடு இருந்தது. அறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினால் இது தெரியாது. மொழி பெரும்பாலும் கெடாததால் நன்றாகப் பேசுவார்கள். பழைய நினைவுகளும் இருக்கும். 1981இல் எம்.ஆர்.ஐ. படங்கள் இந்த நோயாளிகளின் மூளையில் அதுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த ஏராளமான தழும்புகளைக் காட்டத் தொடங்கின.

1991இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஸ்டீபன் ராவ் குழுவினர் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். 100 நோயாளிகள். வயதும் படிப்பும் ஒத்த, நோயில்லாத 100 பேர். நோயாளிகளை மருத்துவமனை வார்டிலிருந்து எடுக்காமல், வெளியே வீடுகளில் வாழ்பவர்களிடமிருந்து தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் விரிவான சோதனைகள் வைத்தார்கள். நோயாளிகளில் 48 பேருக்கும் நோயில்லாதவர்களில் 5 பேருக்கும் குறைபாடு தெரிந்தது. அந்த ஐந்தைக் கழித்து 43 சதவீதம் என்றார்கள். அண்மை நினைவு, தொடர்ந்து கவனம் செலுத்துவது, சொற்களை விரைந்து எடுப்பது, யோசித்து முடிவெடுப்பது ஆகியவை அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. நூறில் இரண்டு என்பது நாற்பத்து மூன்றானது. நோய் அப்படியேதான் இருந்தது, கேள்விதான் மாறியிருந்தது.

எனக்கு முக்கியமாகப்பட்டது இரண்டாவது கட்டுரை. குறைபாடு உள்ள 48 பேரையும் இல்லாத 52 பேரையும் அதில் ஒப்பிட்டார்கள். உடல் ஊனத்தில் இரு குழுவும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனால் முதல் குழுவில் வேலையில் நீடித்தவர்கள் குறைவு. நாலு பேரோடு பழகுவது குறைந்திருந்தது. வீட்டு வேலைகளுக்கு அதிக உதவி தேவைப்பட்டது. ஒரே மாதிரி நடக்கக்கூடிய இருவரில் ஒருவர் ஏன் வேலையை விடுகிறார் என்பதற்கு மருத்துவம் சொன்ன தெளிவான பதில் இது. ஷார்கோவின் வேலைக்காரியிடம் கேட்காத கேள்வியை நெடுங்காலம் கழித்து யாரோ கேட்டிருக்கிறார்கள்: வீட்டு வேலை செய்ய முடிகிறதா?

1994இல் ஜான் டெலூகாவும் உடன் ஆய்வாளர்களும் மறதி என்ற சொல்லையே கேள்விக்குட்படுத்தினார்கள். ஒரு சொற்பட்டியலைப் பிழையில்லாமல் கற்கும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நோயாளிகளுக்குக் கூடுதல் முறை தேவைப்பட்டது. ஆனால் ஒருமுறை கற்றுவிட்டால், பிறகு நினைவுகூர்வதில் மற்றவர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள். ஆகச் சிக்கல் உள்ளே போய்ச் சேர்வதில்தான், உள்ளே இருப்பது தொலைவதில் இல்லை. மறந்து போகல, வந்து சேர லேட்டாகுது என்று அக்கா சொன்னது எவ்வளவு துல்லியமானது!

நான் மிகைப்படுத்தக் கூடாது. இந்த நோய் உள்ள எல்லோருக்கும் அறிவாற்றல் குறைவதில்லை. குறைபவர்களிலும் பெரும்பாலோருக்கு அது முற்றிய மறதி நோய் அல்ல. சோர்வும் மனச்சோர்வும் தூக்கமின்மையும் சிந்தனையை மேலும் மந்தமாக்கும், அவற்றுக்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. ஆனால் அது எது என்று பிரித்தறிய, முதலில் சோதிக்க வேண்டும்.

சோதிப்பது கடினமும் அல்ல. ஆரன் ஸ்மித் உருவாக்கிய ஒரு சோதனையில், ஒன்பது குறியீடுகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள் தரப்பட்டிருக்கும். கீழே வரிசையாக வரும் குறியீடுகளுக்கு உரிய எண்ணைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். நேரம் 90 விநாடி. ஒரு தாளும் ஒரு கடிகாரமும் போதும். டான் லாங்டன் என்ற பெண் உளவியலாளரின் முன்னெடுப்பில் 2012இல் பன்னாட்டு ஆய்வாளர்கள், இதையும் இரண்டு நினைவுச் சோதனைகளையும் சேர்த்து, தனி நிபுணர் இல்லாத சிறிய மருத்துவமனையிலும் 15 நிமிடத்தில் முடிக்கக்கூடிய தொகுப்பைப் பரிந்துரைத்தார்கள். 2018இல் ராசலிண்ட் கால்ப் முதலானோர், நோய் தெரிந்தவுடன் ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் இப்படிச் சோதிக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

சிகிச்சை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான்சி கியாரவலோட்டி 2013இல் 86 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், ஒரு குழுவுக்குப் பத்து அமர்வுகளில் ஒரு பயிற்சி கொடுத்தார். நினைவில் வைக்க வேண்டியவற்றை மனத்தில் காட்சியாக்குவது, தொடர்பில்லாத சொற்களைக் கோத்து ஒரு கதையாக்குவது. பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். ஏட்டில் எழுதாமல் பாட்டிலும் கதையிலும் கோத்து வைத்துக் காத்த மரபில் வந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அக்காவும் யாரும் சொல்லாமலே மளிகைப் பட்டியலைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

*

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் அதில் இருக்கிறது. அரசு வேலை இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீத ஊனம் என்று சான்று வேண்டும். "நான் நடந்து போய் நின்னா யாருடி நம்புவா" என்பது அக்காவின் தயக்கம். நடையை அளந்தே பழகிய கண்களின் முன்னால் நிற்கப்போகும் எல்லோருக்கும் உள்ள தயக்கம் அது.

இந்த மாசியில் நடந்த அடுத்த சந்திப்புக்கு நான் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். மறதி என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, எந்த வேலையில் என்ன தடுமாற்றம், எப்போதிலிருந்து என்று எழுதியிருந்தேன். அந்த 90 விநாடிச் சோதனையைச் செய்ய முடியுமா என்று கேட்டேன். டாக்டர் தாளை முழுதாகப் படித்தார். உளவியலாளரிடம் அனுப்பினார். அக்காவின் வயதும் படிப்பும் உள்ளவர்களிடம் எதிர்பார்ப்பதைவிட அவள் எடுத்த எண்ணிக்கை குறைவு. ஒன்பது ஆண்டுக் கோப்பில் முதல் முறையாகத் தலைக்கென்று ஓர் எண் ஏறியது. குறைவான எண்தான். அக்கா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு அத்தான் டி.வி.யை அணைத்துவிட்டு வந்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்டு, அவள் பதில் சொல்லும்வரை காத்திருந்தார். இப்போதும் பல நாள் மறந்துவிடுகிறார். அவருடையதுதான் மறதி.

இந்தக் கட்டுரையை அக்காவுக்கு இரண்டு நாட்களில், கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினேன். முதல் வரைவில் அவள் சாம்பாருக்கு உப்புப் போட்டோமா என்று திகைத்து நிற்பதைத்தான் நிறைய எழுதியிருந்தேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"உப்பு போனா திரும்பப் போட்டுக்கலாம்டி. கடையில இருபது வருஷம் ஒரு ரூபாய் குறையாம கணக்கு முடிச்சிருக்கேன். மொதல்ல அத எழுது."

எழுதிவிட்டேன்.